என்ஜின் விலை வேறு, என்ஜின் விதியின் விலை வேறு

அமெரிக்கச் சிற்றூர்களில் சனிக்கிழமை இரவு ஸ்டாக் கார் (சாலைக் காரின் உருவில் உள்ள பந்தயக் கார்) பந்தயம் நடத்துகிறவர், காலரியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், பின்வாசல் வழியாகப் பந்தயக் கார் ஏற்றிய எத்தனை டிரெய்லர்கள் உள்ளே வந்தன என்றுதான் எண்ணுவார். தடம் சின்னது, கால் மைலிலிருந்து அரை மைல் வரை. சில இடங்களில் மண், சில இடங்களில் தார். ஒரு காரோடு நான்கைந்து பேர் வருவார்கள். ஒவ்வொருவரும், கார்களைத் தயார்செய்யும் பிட் பகுதிக்குள் நுழையச் சீட்டு எடுக்க வேண்டும், அந்தச் சீட்டு காலரிச் சீட்டைவிட விலை கூடியது. தலைக்கு 35 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிரிவில் 20 கார்கள் வந்தால் பின்வாசலிலேயே 3,500 டாலர் விழுகிறது. அதே பிரிவு 8 காராகச் சுருங்கினால் 1,400. பரிசுப் பணம், ஆம்புலன்ஸ், விளக்குக்கான மின்கட்டணம் எதுவும் அதற்கேற்பச் சுருங்குவதில்லை.

ஆகவே ஒரு பிரிவு பிழைப்பதும் அழிவதும் கார் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கையை அதிகம் ஆட்டிவைப்பது என்ஜின் விதி. 'செலவைக் குறைக்கிறோம்' என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட விதிகள் பல, கார்களைக் கூட்டியிருக்க வேண்டியவை, குறைத்திருக்கின்றன. பந்தயக்காரர் கணக்குப் போடுவது என்ஜினின் பில் தொகையை மட்டும் வைத்தல்ல. ஒரு சீசனுக்கு அது எவ்வளவு தின்னும், அடுத்த ஆண்டும் அது செல்லுமா, விற்றால் என்ன கிடைக்கும் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அவர் பார்க்கும் விலை. விதி எழுதுகிறவர்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் பில் தொகைதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஷெவர்லேயின் சிறிய வி-8. 1955-இல் 265 கன அங்குலத்தில் வந்த அந்த வடிவம், 1967-இல் 350 கன அங்குலமாக வளர்ந்தது. துளை (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48 அங்குலம். பல பத்தாண்டுகள் கார், பிக்கப், வேன் என்று எல்லாவற்றிலும் போட்டதால் பழைய இரும்புக் கடைக்குப் போனால் பிளாக் (என்ஜினின் இரும்பு உடல்) கிடைக்கும். சிலிண்டர் தேய்ந்தால் துளையை 30 தவ் பெரிதாக்கி (ரீபோர் செய்து) 355 ஆக்கலாம், 60 தவ் வரை போனால் 360. (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) விதிப்புத்தகங்கள் '60 தவ்வுக்கு மேல் கூடாது' என்று நிறுத்துவது இதனால்தான். ஒரே பிளாக்கை இரண்டு முறையாவது ரீபோர் செய்து ஓட்ட முடிகிறது, துளையைப் பெரிதாக்கி மட்டும் யாரும் 383 கன அங்குலத்துக்குப் போகவும் முடிவதில்லை. 383 வேண்டுமானால் நீள ஸ்ட்ரோக் கிராங்க் (பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு) போட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஸ்ட்ரோக்கை அளந்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'அளந்தால் தெரிந்துவிடும்' என்பதில்தான் விதியின் ஆயுள் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஸ்டாக் போன்ற கீழ்நிலைப் பிரிவின் விதித்தாளில் எந்த வரி உயிரோடிருக்கிறது, எந்த வரி செத்துப்போனது என்று பார்த்தால் புரியும். கார்ப்புரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹோலி 4412, இரண்டு வாய், 500 சிஎஃப்எம்' என்ற வரி பல்லாண்டுகளாக நிற்கிறது. (ஹோலி கம்பெனியின் பெயர், சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற அளவு.) அதன் வென்சுரி (காற்று ஒடுங்கிப் போகும் இடம்) 1.375 அங்குலம், கீழே த்ராட்டில் துளை 1.6875 அங்குலம். அந்த அளவைவிடச் சற்றே பெரிதாகக் கடைந்த ஓர் உலோகக் கட்டையை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும். நுழையக்கூடாத கட்டை நுழைந்தால் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கார்ப்புரேட்டருக்குக் கீழே எங்காவது திருட்டுக் காற்று நுழைகிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே மேலே உள்ளங்கையால் மூடுவார்கள், என்ஜின் செத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. கருவிச் செலவும் இல்லை.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டில் கதை வேறு. 'வால்வு எழும் உயரம் 0.450 அங்குலத்துக்கு மேல் கூடாது' என்று எழுதுவது எளிது. டயல் கேஜை வைத்து அளக்கவும் முடியும். கேமின் அசைவைப் பெருக்கி வால்வுக்குக் கொடுக்கும் ராக்கரின் விகிதம் 1.5 என்றால் கேம் புடைப்பில் 0.300 அங்குலம் உயரம் இருக்கலாம். யாராவது 1.6 ராக்கர் மாட்டினால் வால்வு எழும் உயரம் 0.480 ஆகிவிடும், அதுவும் கேஜில் மாட்டும். ஆனால் சக்தியைத் தருவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகமாகத் திறந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும்தான். அதே 0.450-க்குள் புடைப்பைச் சதுரம்போலக் கடைந்த கேம்கள் வந்தன. அவற்றை இன்னும் வேகமாகத் தூக்க, கேம் மேல் உட்கார்ந்து அசைவை மேலே அனுப்பும் லிஃப்டரின் அடி விட்டம் பெரிதாக வேண்டும். ஷெவர்லே லிஃப்டர் 0.842 அங்குலம், ஃபோர்டு 0.874, கிரைஸ்லர் 0.904. சிலர் ஷெவர்லே பிளாக்கில் பெரிய லிஃப்டருக்காகத் துளையைப் பெருக்கினார்கள். பிறகு 'லிஃப்டர் விட்டம் மாறக்கூடாது' என்று இன்னொரு வரி சேர்ந்தது.

இந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் வெற்றிட விதி வந்தது. ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெல்ல ஓடும்போது), 1,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்று), கலவை உள்ளே போகும் இன்டேக்கில் குறைந்தது 16 அங்குல பாதரச வெற்றிடம் காட்ட வேண்டும். முரட்டுக் கேம் போட்டால் வெற்றிடம் விழுந்துவிடும் என்பது கணக்கு. யோசனை நல்லது, ஆனால் விதி வந்த பின்னாலேயே 'வெற்றிட விதிக்கான கேம்' என்றே பெயர் போட்டுப் பட்டியலில் விற்க ஆரம்பித்தார்கள். மலிவான பிரிவில் ஓட்டுகிறவர் இப்போது வண்டியோடு வந்த கேமை வைத்துக்கொண்டு ஓட முடியாது, அந்தச் சிறப்புக் கேமை வாங்கித்தான் ஆக வேண்டும். செலவைக் குறைக்க எழுதிய வரி, ஒரு புதிய செலவை எழுதிவிட்டது.

சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படலாம் என்று சொல்லும் கம்ப்ரெஷன் விதியும் அப்படித்தான். 350-இல் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 716 சிசி. விகிதம் 9.1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 88 சிசி சொச்சம். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் அடிப்பரப்பை 25 தவ் இழைத்தால் அறையில் சுமார் 4 சிசி குறையும், விகிதம் 9.5-ஐத் தொட்டுவிடும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக வாயுவைச் செலுத்தி விகிதத்தைக் காட்டும் கருவி இருக்கிறது, விஸ்லர் என்பார்கள். அது இருக்கும் தடத்தில் கம்ப்ரெஷன் விதி உயிரோடிருக்கும். இல்லாத தடத்தில் அந்த வரி காகிதத்தில் மட்டும்தான். விதிப்படியான என்ஜினோடு வருகிறவர் மூன்று வாரம் பின்தங்கி முடிப்பார், நான்காவது வாரம் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அப்படியானால் பிடித்து வெளியேற்றலாமே என்று தோன்றும். இங்கேதான் பின்வாசல் கணக்கு குறுக்கே வருகிறது. ஒரு காரைத் தகுதிநீக்கம் செய்தால் அந்தக் காரோடு ஐந்து சீட்டுகளும் போகும், சில நேரம் அவருடைய மைத்துனரின் காரும் சேர்ந்து போகும். சோதனை அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவரே அந்தச் சீட்டை விற்பவரும். இது நேர்மைக் குறைவு என்பதைவிட, தொழிலின் அமைப்பிலேயே இருக்கும் முரண். விதியை எழுதும்போதே இதை மனத்தில் வைக்காதவர்கள் பிறகு திண்டாடுகிறார்கள்.

இந்த முரணைச் சுற்றிக்கொண்டு போக ஒரு புத்திசாலித்தனமான வழி, என்ஜினை உரிமை கோரும் விதி. 1915-இல் தொடங்கிய ஐஎம்சிஏ அமைப்பு, 1979-இல் அயோவாவின் விண்டனில் மாடிஃபைடு (பந்தயத்துக்கென மாற்றியமைத்த கார்கள் ஓடும்) பிரிவை ஆரம்பித்தபோது இதை மையத்தில் வைத்தது. முன்னிடங்களில் முடித்தவரின் என்ஜினை, பின்னால் முடித்த ஒருவர் விதியில் சொன்ன தொகையைக் கட்டிவிட்டோ, தன் என்ஜினை மாற்றாகக் கொடுத்தோ, அன்றிரவே இறக்கி எடுத்துக்கொள்ளலாம். மறுத்தால் அந்த இரவின் பரிசும் புள்ளிகளும் போகும், சில வாரம் ஓட்டவும் முடியாது. தொகை வேண்டுமென்றே குறைவாக, வெகுகாலம் சில நூறு டாலர் அளவிலேயே இருந்தது. 15,000 டாலர் என்ஜினைப் போட்டு வென்றால் அது சில நூறுக்குப் பறிபோகலாம் என்ற பயமே விலைக்கு உச்சவரம்பு. யாரும் உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, கருவியும் வேண்டாம்.

நடைமுறையில் இது முதலில் நன்றாக வேலை செய்தது. பிறகு அக்கம்பக்கத்துப் பழக்கம் குறுக்கே வந்தது. பத்து மைல் சுற்றளவில் இருக்கிறவரின் என்ஜினை எல்லோர் முன்னாலும் இறக்கச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. அவர் அடுத்த வாரம் திருப்பிக் கோருவார், அதன் பிறகு இருவரும் ஒரே கடையில் உதிரிபாகம் வாங்க வேண்டும். கோரிக்கையே வராது என்று தெரிந்ததும், நல்ல என்ஜின்கள் மெல்ல நுழைந்தன. அப்படியும் இந்த விதி ஒரு முக்கியமான காரியத்தைச் சாதித்தது. பல மாநிலங்களில் ஒரே விதிப்புத்தகம் என்ற நிலை வந்தது. ஒரே கார் மூன்று நான்கு தடங்களில் ஓடலாம், விற்றால் வாங்க ஆள் இருக்கும். கார் எண்ணிக்கையைக் கூட்டியதில் உரிமை கோரும் தொகைக்கு எவ்வளவு பங்கோ, இந்த ஒருமைப்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொரு வழியைக் கொண்டுவந்தது: பெட்டியில் வரும், முத்திரையிட்ட கிரேட் என்ஜின். அப்போதைய உதிரிபாக எண் 88958602, 88958604. கடைசி மூன்று எண்கள்தான் பெயராக ஒட்டிக்கொண்டன. 602 என்பது இரும்பு ஹெட், ஹைட்ராலிக் தட்டை லிஃப்டர் கேம், 9.1 கம்ப்ரெஷன், 350 குதிரைசக்தி. 604-இல் அலுமினிய ஹெட், ரோலர் கேம், 400 குதிரைசக்தி. ஹெட், இன்டேக், டைமிங் மூடி, எண்ணெய்த் தொட்டி ஆகிய இடங்களில் தலை முறிந்துபோகும் போல்ட் போட்டிருப்பார்கள், சாதாரண ஸ்பானருக்குப் பிடி கிடைக்காது. சோதனை அதிகாரி உள்ளே போக வேண்டாம், போல்ட் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 602-ஐப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலிலேயே ஓட்டலாம். 12-க்கு மேல் கம்ப்ரெஷன் வைத்த என்ஜினுக்குத் தேவைப்படும் பந்தயப் பெட்ரோல் கேலனுக்குப் பத்து டாலரைத் தாண்டும் என்பதால், இந்தச் சேமிப்பு ஒவ்வொரு இரவும் கண்ணில் படும்.

தென்கிழக்கு மாநிலங்களின் மண் தட லேட் மாடல் (உள்ளூர்ப் பந்தயத்தின் மேல்நிலை) பிரிவில் இதன் விளைவு பெரிது. கட்டுப்பாடற்ற லேட் மாடல் என்ஜின் 800 குதிரைசக்திக்கு மேல் தரும், விலை 50,000 டாலரை எட்டும், சீசனுக்கு ஒரு முறையாவது பிரித்து ரிங், பேரிங், வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டும். அதே சேசிஸில் (காரின் சட்டகத்தில்) 604-ஐ மாட்டினால் என்ஜின் செலவு 10,000 டாலரைச் சுற்றி முடிந்துவிடும். ஓரம் ஒதுங்கியிருந்த பல கார்கள் கிரேட் லேட் மாடலாகத் திரும்பி வந்தன.

வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இரண்டு இடத்தில் அடி வாங்குகிறார்கள். முதலாவது, 602-இன் தட்டை லிஃப்டர் கேம். புது என்ஜினை முதன்முதலில் கிளப்பியதும் ஐடிலில் விடக்கூடாது. உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, ஏற்றி இறக்கிக்கொண்டே 20 நிமிடமாவது ஓட விட வேண்டும். துத்தநாகம், பாஸ்பரஸ் கூடிய எண்ணெய் வேண்டும். இன்றைய கார்களுக்கான எண்ணெயில் அது குறைவு. தவறினால் கேம் புடைப்பு தேய்ந்து தட்டையாகிவிடும், அந்த இரும்புத் தூள் எண்ணெயோடு சுற்றி பேரிங்குகளையும் கெடுக்கும். இரண்டாவது, வால்வு ஸ்பிரிங். கம்பெனியில் போடும் ஸ்பிரிங் மென்மையானது, சூட்டில் இன்னும் தளரும். 5,800 ஆர்பிஎம்மை நெருங்கும்போது வால்வு கேமைத் தொடர்ந்து போகாமல் மிதக்கத் தொடங்கும். ஓட்டுநருக்கு 'நேர்பாதையின் கடைசியில் என்ஜின் படுத்துவிடுகிறது' என்று தோன்றும், கார்ப்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றி வாரங்களை வீணடிப்பார். விதி இடம் கொடுத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மாதம் ஒரு முறை அளந்து, தளர்ந்ததை அதே எண்ணுள்ள ஸ்பிரிங்கால் மாற்றுவதே சரியான பராமரிப்பு. கியர் விகிதத்தையும் உயர் ஆர்பிஎம் என்ஜினுக்கு வைத்ததுபோல வைக்கக்கூடாது, 602-ஐ 5,500 பக்கமே நிறுத்தும் கியர்தான் சுற்று நேரத்தில் வேகமானது.

முத்திரையும் சும்மா இருக்கவில்லை. போலி போல்ட்டுகள் வந்தன. அதனால் அமைப்புகள் தங்களுடைய எண்ணிட்ட கம்பி முத்திரையைச் சேர்க்க வேண்டியதாயிற்று, அதைப் போட அங்கீகாரம் பெற்ற பட்டறைகளும் கட்டணமும் வந்தன. முத்திரையைத் தொடாமலும் ஒரு வழி உண்டு. வரிசை உற்பத்தியில் ஒரு என்ஜினுக்கும் இன்னொன்றுக்கும் சில குதிரைசக்தி வித்தியாசம் இருக்கும். வசதியுள்ளவர் மூன்று நான்கு 602 வாங்கி, சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் ஏற்றிப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவார். விதி மீறவில்லை, ஆனால் மலிவு என்ஜினின் நோக்கம் அங்கே முடிந்துபோனது.

இவ்வளவுக்குப் பிறகும் கிரேட் என்ஜின் செலவைக் குறைத்ததா? என்ஜின் செலவைக் குறைத்தது. பந்தயச் செலவு வேறு. எல்லோருக்கும் ஒரே சக்தி என்றானதும், வெற்றி மூலையில் எவ்வளவு வேகம் தக்கவைக்கிறோம் என்பதற்குப் போய்விட்டது. பணமும் அங்கேயே போனது: ஷாக் அப்சார்பர், அதை அளக்கும் இயந்திரம், புது சேசிஸ், முக்கியமாக டயர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 602 ஒன்றை 6,000 டாலருக்கு வாங்கி, மூன்று சீசன் ஓட்டி, 2,000-க்கு விற்றால் ஆண்டுக்கு 1,300 சொச்சம். 20 இரவு ஓடினால் இரவுக்கு 67 டாலர். அதே இரவில் இரண்டு புது டயர், ஒன்று 180 என்று வைத்தால், 360 டாலர். என்ஜின் விதியை எவ்வளவு இறுக்கினாலும் டயர் விதி இல்லாவிட்டால் பாதிக் கிணறுதான். இரவுக்கு ஒரு புது டயர்தான், அதுவும் தடத்திலேயே வாங்கிக் குறியிட வேண்டும் என்ற விதி வைத்த பிரிவுகள், என்ஜினை இன்னும் கொஞ்சம் இறுக்கிய பிரிவுகளைவிட ஏழைப் போட்டியாளரை அதிகம் தக்கவைக்கின்றன.

கிரேட் வந்தபோது இருந்த என்ஜின்களை என்ன செய்வது என்பதே எண்ணிக்கையை அதிகம் பாதித்த கேள்வி. ஒரு பிரிவில் 18 பேர் தாங்களே கட்டிய 355-ஐ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். 'அடுத்த சீசன் முதல் 602 மட்டும்' என்று ஜனவரியில் அறிவித்தால், புது என்ஜினின் விலை அவர்களுக்கு 6,000 அல்ல. கையிலிருக்கும் 355-க்கு நேற்று 7,000 மதிப்பு, இன்று அந்த வட்டாரத்தில் வாங்க ஆளில்லை. இரண்டையும் கூட்டினால் 13,000. புதிதாக வருகிறவருக்கு விதி மலிவு, இருக்கிறவருக்கு அது அபராதம். புதியவர்கள் ஐந்தாறு பேர் வருவதற்குள் பழையவர்கள் பத்துப் பேர் போய்விடுவார்கள்.

பொறுமையுள்ள தடங்கள் இரண்டையும் சேர்ந்து ஓட விடுகின்றன. 602-க்கு நான்கு வாய் கார்ப்புரேட்டர், கொஞ்சம் எடைச் சலுகை. 355-க்கு 500 சிஎஃப்எம் இரண்டு வாய், ஆர்பிஎம் வரம்பு, கூடுதலாக 50 அல்லது 100 பவுண்டு. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வாராவாரம் ஜெயித்தவரைப் பார்த்து எடையை மாற்றிக்கொண்டிருந்தால், இரு தரப்புமே தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாக நினைப்பார்கள். சீசன் தொடங்கும் முன் ஒரு முறை வைத்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு முறை திருத்தலாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. தடத்தின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். காய்ந்து வழுக்கும் மண்ணில் 50 குதிரைசக்தி கூடுதல் பெரிய லாபமில்லை, டயர் சுற்றத்தான் உதவும். நீளமான தார்த் தடத்தில் அதே 50 ஒரு சுற்றுக்குக் கண்கூடாகத் தெரியும்.

அக்கம்பக்கத்துத் தடங்கள் சேர்ந்து பேசாததும் இதே அளவு கெடுதல். அறுபது மைலுக்குள் மூன்று தடம், மூன்றிலும் ஸ்ட்ரீட் ஸ்டாக், மூன்றிலும் கேம் விதி வேறு என்றால், ஒவ்வொன்றுக்கும் பத்துக் கார்தான் கிடைக்கும். ஒரே தாளில் கையெழுத்திட்டால் மழையில் ஒரு தடம் நின்றாலும் கார்கள் அடுத்ததற்குப் போகும். 'என் தடம், என் விதி' என்ற பெருமைக்கு நடத்துபவர்கள் கொடுக்கும் விலை இது.

மேல் பிரிவு விலையேறும்போதெல்லாம் கீழே ஒரு மலிவுப் பிரிவு முளைக்கும். பின்டோ என்ற பழைய சிறு காரின் காலத்து ஃபோர்டு 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர், அப்புறம் முன்சக்கர இழுவைச் சிறு கார்கள், அண்மையில் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. போலீஸ் ஏலத்திலிருந்து வந்த இந்த 4.6 லிட்டர் வி-8 கார்களில் என்ஜினைத் தொடவே கூடாது என்பது பல தடங்களின் விதி. கணினி கட்டுப்படுத்தும் என்ஜின் என்பதால் கேம் மாற்றிப் பயன் பெறுவதும் எளிதல்ல. கூண்டு, பாதுகாப்பு இருக்கை, பெல்ட்டு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு காரின் விலையைத் தாண்டிவிடுகிறது. அந்தச் செலவில் கை வைக்கக் கூடாது. இதுவரை நன்றாகப் போகிறது, ஏனென்றால் கெடுக்க இடம் குறைவு.

ஆனால் சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது. 'கம்பெனி ஹெட் மட்டும்' என்று சிறிய ஷெவர்லேக்கு எழுதிய விதி, விரிசலில்லாத பழைய வார்ப்பு ஹெட் அரிதானதும், அந்த ஹெட்டைப் புது ஹெட்டைவிட விலையேற்றிவிட்டது. பிறகு வேறு வழியின்றி, அதே அளவில் வெளிக் கம்பெனிகள் வார்த்த மாற்று ஹெட்டை அனுமதித்தார்கள். கிரவுன் விக்டோரியாவின் தயாரிப்பு 2011-இலேயே நின்றுவிட்டது. ஏலத்தில் வரும் கார்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. பழைய பிக்கப்களில் கிடைக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் எல்எஸ் வரிசை என்ஜின் இப்போது அந்தப் பழைய 350 இருந்த இடத்தில் இருக்கிறது: எங்கும் கிடைக்கும், மலிவு, உறுதி. அதை உள்ளே விடும் விதியை இன்று எழுதுகிற தடம், கையில் 602 வைத்திருப்பவருக்கு எத்தனை சீசன் அவகாசம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த ஏப்ரலில் பின்வாசலில் வரிசை நிற்கும்.